சதுர அடி, வட்ட வாய்

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னால், நாஞ்சில் நாட்டில் ஒரு நடுத்தர விவசாயி வீட்டுச் சாமான்களைப் பட்டியல் போட்டிருந்தால் அதில் பாதி ஓலையாகத்தான் இருந்திருக்கும். எருவும் சாம்பலும் சுமக்க, களத்தில் நெல் அள்ளக் கடவம். அரிசி புடைக்கச் சுளவு. முந்திரிக்கொத்தும் அதிரசமும் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்துவிட நார்ப்பெட்டி. கருப்பட்டி போட்டுப் பரணில் ஏற்ற மூடிபோட்ட பெட்டி. கிழவிகள் இடுப்பில் வெற்றிலை பாக்கும் சில்லறையுமாகச் செருகிக்கொள்ளக் கொட்டப்பெட்டி. பதனீர் குடிக்கப் பட்டை. கஞ்சி குடிக்கப் பிழா. புளியும் நெல்லும் காயப்போட ஓலைப்பாய். படுக்கத் தாழம்பாய். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை. அதுவும் ஓலைதான்.

இன்று இத்தனைக்கும் சேர்த்து நம்மிடம் இருப்பது ஒரே பெயர்: ஓலைப்பெட்டி. கொஞ்சம் படித்த பிள்ளைகள் என்றால் ‘பாம் லீஃப் பேஸ்கெட்.’

பெயர் போனது அத்தனை பெரிய காரியமா என்று கேட்பீர்கள். வருகிற நோயாளிக்கெல்லாம் ‘காய்ச்சல்’ என்று மட்டுமே எழுதிக் கொடுக்கும் வைத்தியரிடம் நீங்கள் மறுபடியும் போவீர்களா? கடவத்துக்கும் கொட்டப்பெட்டிக்கும் வேறுபாடு தெரியாதவனிடம் நல்ல கடவம் எது, மோசமான கடவம் எது என்று கேட்க முடியாது. அவனுக்கு எல்லாமே ‘சூப்பர்.’ அல்லது எல்லாமே குப்பை.

பாரம்பரியம் போயிற்றே என்று மாரடித்துக்கொள்ள நாட்டில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் போய் நிற்கப் போவதில்லை. என் கேள்வி வேறு. ஒரு நாவலை விமர்சிக்கிறோம். சினிமா வந்த மறுநாளே கிழித்துத் தோரணம் கட்டுகிறோம். ஒரு ஓட்டல் சாம்பாருக்குக்கூட நட்சத்திரம் போடுகிறோம். ஒரு பெட்டியை ஏன் யாரும் விமர்சிப்பதில்லை? கைவினைப் பொருள் என்றாலே பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, ஏன்?

பார்த்துவிடலாம்.

முதலில் சரக்கு. குமரி மாவட்டம் அகலத்தில் சின்னது. கடற்கரையிலிருந்து மலையடிவாரத்துக்கு ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேர்ந்துவிடலாம். அதற்குள் மூன்று வகைப் பின்னல். கடலோரத் தேரி மணலிலும் மேட்டுநிலத்திலும் பனை. கால்வாய்க் கரையிலும் குளத்தங்கரையிலும் தாழை. இதற்குக் கைதை என்றும் பெயர். பழந்தமிழிலும் உண்டு, இன்றைய மலையாளத்திலும் உண்டு. மலையடிவாரத்தில் மூங்கிலும் ஈற்றையும். எது முளைக்கிறதோ அதை முடைந்தார்கள். இதில் தத்துவம் ஒன்றும் கிடையாது, வசதிதான்.

பனையை மரம் என்கிறோம். தொல்காப்பியர் ஒத்துக்கொள்ள மாட்டார். வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்பது அவர் கணக்கு. அப்படிப் பார்த்தால் பனை நெடுநெடுவென வளர்ந்த ஒரு புல். அந்தப் புல்லின் பயன்கள் 801 என்று ‘தால விலாசம்’ என்ற பழைய தமிழ்ச் செய்யுள் நூல் பட்டியல் போட்டிருப்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பனையைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர்களே வியந்து குறித்திருக்கிறார்கள். நமக்கு இன்று பத்துச் சொல்லத் தெரிந்தால் கொள்ளாம்.

இனிப் பெட்டிக்கு வருவோம். விலை கேட்பதற்கு முன்னால், மூடியைத் திறப்பதற்கும் முன்னால், பெட்டியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அடி சதுரம், வாய் வட்டம். சதுரமாகத் தொடங்கிய ஒன்று, இடையில் வெட்டோ ஒட்டோ இல்லாமல், எப்படி வட்டமாக முடிந்தது? அதில்தான் கை இருக்கிறது.

முடைகிறவள் அடியின் நடுவிலிருந்து தொடங்குகிறாள். ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்த குருத்தோலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஒரு சதுரம் உண்டாக்குகிறாள். பிறகு மூலை திருப்புகிறாள். மூலை திரும்பியதும் அதே ஓலைகள் சுவரில் சாய்வாக ஏறுகின்றன. வலப்பக்கம் சாய்ந்து ஏறும் ஒரு கூட்டம், இடப்பக்கம் சாய்ந்து ஏறும் ஒரு கூட்டம், ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மேலே போகின்றன. ஆணி கிடையாது, பசை கிடையாது. ஓலைகள் சாய்வாக ஓடுவதால் பாரம் ஏறும்போது பெட்டி கொஞ்சம் விரிந்து கொடுக்கும். நேராகப் பின்னியிருந்தால் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒருநாள் பிய்யும். கடவம் போன்ற பாரம் தூக்கும் சாமானுக்கு உள்ளே ஒரு பின்னல், வெளியே ஒரு பின்னல் என இரட்டை. கடைசியாக வாய் விளிம்பை ஈர்க்கு வைத்து, மட்டை நாரால் இறுக்கிப் பொத்துவார்கள். பெட்டி முதலில் உளுத்துப்போவது அடியில், பிரிவது வாயில். ஆகவே விமர்சகன் பார்க்க வேண்டியதும் அந்த இரண்டு இடம்தான்.

குறை எங்கே தெரியும்? ஓலை ஒரே அகலத்தில் வாரப்படவில்லை என்றால் பின்னலின் கண்கள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். மூலையை அவசரமாகத் திருப்பியிருந்தால் அங்கே ஒரு புடைப்பு இருக்கும். ஓலையைப் பதப்படுத்தாமல், உச்சிவெயிலில் மொறுமொறுவென்று இருக்கும்போது முடைந்திருந்தால் மடிப்புகளில் கீறல் ஓடியிருக்கும். அதனால்தான் தெரிந்தவர்கள் விடியற்காலையிலும் அந்திக்குப் பிறகும் முடைவார்கள். இடையில் ஈரத்துணியைப் போட்டு ஓலையை மூடிவைப்பார்கள். இரட்டைப் பின்னலில் நன்றாக முடைந்த பெட்டியில் கேழ்வரகைக் கொட்டினாலும் சிந்தாது.

கருப்பட்டி ஈரக்காற்றுப் பட்டால் கசியும் என்பது குமரி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆடியில் இங்கே காற்றே ஈரம்தான். ஆகவே கருப்பட்டிப் பெட்டியை அடுப்புக்கு நேர் மேலே பரணில் வைத்தார்கள். சூடும் புகையும் ஓலைக்கு ஊடே ஏறி உள்ளிருப்பதை உலர்வாக வைத்தன. ஒரு பாத்திரமும் ஒரு வீட்டின் அமைப்பும் ஒரு ஊரின் மழையும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. கேஸ் அடுப்பு வந்து பரண் போனது. பரண் போனதும் பெட்டிக்கு இடமில்லை. ஆகவே எல்லாப் பழியையும் பிளாஸ்டிக்கின் தலையில் போடுவதும் நியாயமில்லை.

இந்த அளவுகோலோடு ஒரு பெருநகரக் கைவினைக் கண்காட்சிக்குப் போனேன். குளிரூட்டிய அரங்கு. மஞ்சள் விளக்குக்குக் கீழே பனையோலைக் கைப்பைகள். ஊதா, கிளிப்பச்சை, ராணிக் கலர். உள்ளே துணி லைனிங், வாயில் ஜிப், தோலில் பிடி. விலை நாலு இலக்கம். ஒன்றை எடுத்து வழக்கம்போலக் கவிழ்த்தேன். விற்கிற பெண் பதறிப்போனாள். உள்ளே துணிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால், அட்டை! ஓலைக்குச் சொந்தமாக நிற்கத் தெரியாதென்று முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பிடியோ விளிம்போடு பிணையவில்லை. இரண்டு இடத்தில் தைத்திருக்கிறது, மொத்தப் பாரமும் அந்த இரண்டு தையலில். இரண்டு கிலோ அரிசி தாங்குமா என்று கேட்டேன். “சார், இது பார்ட்டிக்கு எடுத்துட்டுப் போறது” என்றாள்.

அவள் சொன்னது சரி. அது வேறு ஏதோ ஒரு பை, ஓலையைத் தோலாகப் போர்த்திக்கொண்டிருக்கிறது. ஓலைக்குப் பதிலாக அங்கே சணலை வைக்கலாம், ரெக்சினை வைக்கலாம், பையின் வடிவம் மாறாது. விமர்சகனாக என் தீர்ப்பு: அது மோசமான கைப்பை, மோசமான பெட்டி, இரண்டும்.

புதிதாக எதுவும் செய்யக்கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். காரைக்குடிப் பக்கம் கொட்டான் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆச்சிமார் தாங்களே முடைந்து, மணி கோத்த மூடி போட்டு, சீர்வரிசையில் வைத்தது. வழக்கொழியும் நிலைக்கு வந்துவிட்டிருந்தது. விசாலாட்சி ராமசாமியும் அவரது எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளையும் 2000-க்குப் பிறகு பக்கத்துக் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து மறுபடி எடுத்து நிறுத்தினார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் கொட்டானின் எலும்பைத் தொடவில்லை. நிறத்தை மாற்றினார்கள், பயனை மாற்றினார்கள். தாம்பூலமும் பலகாரமும் வைக்கும் பரிசுப் பெட்டியாக்கினார்கள். அது இன்றும் தன் அடியில் தானே நிற்கிறது. தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பனையோலையில் முடைகிறார்கள். தொப்பி, தட்டு, பை என்று புதுச்சாமான்கள்தான். ஆனால் பின்னல்தான் பாரத்தைத் தாங்குகிறது. மாற்றம் என்றால் இது மாற்றம்.

கடலைத் தாண்டினால் இன்னொரு பாடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நம் கடவம் கடகம் ஆகிறது. சுளவு சுளகு. கையில் தூக்கிப்போகும் ஓலைப்பைக்கு உமல். புட்டு அவிக்க ஓலையிலேயே கூம்பாக முடைந்த நீற்றுப்பெட்டி. அங்கே போரில் லட்சக்கணக்கான பனைகள் போயின. பதுங்குகுழி மூடக்கூடப் பனைதான் விழுந்தது. இருந்தும் 1978-இல் அமைத்த பனை அபிவிருத்திச் சபை இன்றும் இயங்குகிறது, ‘கற்பகம்’ என்ற பெயரில் விற்பனை நிலையங்கள் நடத்துகிறது. ஊரைவிட்டு டொரன்டோவுக்கும் லண்டனுக்கும் போன சனம் நீற்றுப்பெட்டியைத் தேடி வாங்கிப் போகிறது. காரணம் ஊர்ப் பாசம் மட்டும் என்று நினைக்கிறீர்களா? ஓலையில் அவித்த புட்டுக்கு ஒரு வாசம் உண்டு, எவர்சில்வருக்கு அது வராது. அடுக்களையில் வேலை இருக்கிற பெட்டிக்குக் காட்சிக்கூடம் தேவையில்லை.

தாழைக்கும் அப்படி ஒரு தீவு உண்டு. பசிபிக் பெருங்கடலில் சமோவா. நம்மூர்க் கைதையின் இனத்தைச் சேர்ந்த செடியின் இலையைத்தான் நூல்போலக் கிழித்துப் பாய் முடைகிறார்கள். கல்யாணம், சாவு, பட்டமேற்பு எதிலும் அந்தப் பாய்தான் மரியாதை. பழசாக ஆக மதிப்பு கூடும். 2019-இல் யுனெஸ்கோ அதை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் வீட்டில் பாய் பழசானால் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானில் மூங்கில் கூடை முடைகிறவர் தன் கூடையின் அடியில் கையெழுத்துப் போடுகிறார். 1967-இல் ஷோனோ ஷோவுன்சாய் என்ற கூடைக் கலைஞரை அந்த அரசு ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அறிவித்தது. நான் பார்த்த கண்காட்சியில் வடிவமைப்பாளர் பெயர் அட்டையில் இருந்தது. கம்பெனி பெயர் இருந்தது. முடைந்தவள் பெயர்? அவள் ‘கிராமப்புறப் பெண்கள்.’ பன்மையில் கரைந்துபோனவள்.

ஊருக்குத் திரும்புவோம். நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் காதில் விழுந்த பேச்சு இது. வாங்க வந்தவர் நன்றாக உடுத்திய, ஸ்கூட்டரில் வந்த பெண்மணி.

“பெட்டி என்ன வெலை பாட்டி?”

“நூத்தி அம்பது.”

“ஓலைக்கா நூத்தி அம்பது? ஓலை சும்மாதானே கெடக்கு!”

“ஓலை சும்மாதான் கெடக்கு மக்ளே. கை சும்மா கெடக்கல்லியே.”

எண்பதில் பேரம் முடிந்தது. அந்த அம்மையை நான் குறை சொல்லவில்லை. அவர் பல்பொருள் அங்காடியில் ஷாம்புவுக்குப் பேரம் பேசமாட்டார், பேச முடியாது. பேசக்கூடிய இடத்தில் பேசுகிறார். நாமெல்லாரும் அப்படித்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். தனித்திறமை எதுவும் கேட்காத வேலைக்கு, ஆகக் குறைந்த கூலி. ஓலை வாங்கி, காயவைத்து, வார்ந்து, முடைந்து, வாய் பொத்தி ஒரு பெட்டியை முடிக்க ஒருத்திக்கு ஒருநாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பது ரூபாய்க்கு அதை வாங்குகிறவர் மீதி 256 ரூபாயை அவளிடமிருந்து நன்கொடையாகப் பெறுகிறார். ஏழைக் கிழவி, வசதியான வீட்டுக்குப் போடும் பிச்சை. பெட்டி ஏன் அழிகிறது என்று கருத்தரங்கம் கூட்டத் தேவையில்லை. அவளுடைய மகளுக்குக் கணக்குத் தெரியும், அவ்வளவுதான்.

கணக்குக்கு அப்பால் இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல நமக்குக் கூச்சம். பெட்டிக்குச் சாதி உண்டு. பனை ஏறுகிறவர்கள் வீட்டுப் பெண்களின் பெட்டி, சேரியில் முடைந்த கூடை, மலையில் காணிக்காரர் முடைந்த கூடை என்று பார்த்தவுடன் ஊருக்குத் தெரியும். முடைந்தவர் நிற்க வேண்டிய இடமும் தெரியும். பொருளை உள்ளே எடுத்துக்கொண்டு ஆளை முற்றத்தில் நிறுத்தினோம். கி.பி. 849-ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் ஏணிக்காணம், தளைக்காணம் என்று வரிகளின் பெயர் வருகிறது. ஏறுகிறவனின் ஏணிக்கு வரி, காலில் மாட்டும் தளைக்கயிற்றுக்கு வரி. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அரசாங்கத்துக்கு அந்தத் தொழிலின் மதிப்புத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. தொழில் செய்கிறவனின் மதிப்புதான் யாருக்கும் தெரியவில்லை. இப்படி ஒரு தொழிலை விட்டு ஒருவர் மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்தால், ஐயோ பாரம்பரியம் என்று அலற நமக்கு என்ன யோக்கியதை?

ஓலை சும்மா கிடக்கிறது என்பதும் சரியல்ல. கீழே உதிர்ந்து கிடப்பது காவோலை. அடுப்புக்கு ஆகும், வேலிக்கு ஆகும். பெட்டிக்கு வேண்டியது குருத்தோலை. அதற்கு ஒருவர் ஏற வேண்டும். பனைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துமுனைதான். எந்த மரத்தில் எப்போது எவ்வளவு வெட்டலாம் என்று தெரியாமல் அரிவாளைப் போட்டால் மரம் பட்டுப்போகும். ஆக, பெட்டி முடைகிறவளின் பின்னால் ஒரு பனையேறி இருக்கிறார். அவருக்குப் பதனீர்ப் பருவம் ஆண்டில் சில மாதம். கள்ளுக்கு 1987 முதல் தடை. குமரியின் மேற்கே பனை நின்ற மேடுகள் ரப்பரும் தென்னையும் வீட்டுமனையும் ஆகிவிட்டன. வெட்டிய பனை செங்கல் சூளைக்குப் போனது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2021-இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதை நடும் திட்டமும், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்ற விதியும் வந்தன. நல்லது, வாழ்த்துவோம். அந்த விதை வளர்ந்து ஏறத் தகுந்த பனையாகப் பதினைந்து இருபது ஆண்டு ஆகும். அதுவரை அதில் ஏறத் தெரிந்த ஆளையும், குருத்தை வாரத் தெரிந்த பெண்ணையும் எந்த நர்சரியில் வளர்க்கப் போகிறோம்? விதைக்கு மானியம் உண்டு. கைக்கு?

2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ வந்தது. மஞ்சள் பையை நான் மதிக்கிறேன். ஆனால் அது பருத்தி விளையாத ஊருக்கும் ஒன்றுதான், விளையும் ஊருக்கும் ஒன்றுதான். குமரியில் மீன் வாங்கவும் பூ வாங்கவும் பழம் வாங்கவும் ஓலையில் பை இருந்தது என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நம்பிக்கைக்கு இடமே இல்லையா? உண்டு. உங்கள் வீட்டுப் பரணையோ கட்டிலுக்கு அடியையோ பாருங்கள். ஒரு வயர்க்கூடை கிடக்கும். அம்மாவோ அத்தையோ மதிய வேளையில் திண்ணையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் வயரில் பின்னியது. அதன் அடியைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் தொடங்கி, மூலை திருப்பி, சுவர் எழுப்பி, வாய் மடக்கியிருக்கும். முடிச்சு வேறு, சரக்கு வேறு. ஆனால் வழி அதேதான். நம் பெண்களின் கை எதையும் மறந்துவிடவில்லை. அந்தக் கைக்கு ஓலையும் கூலியும் கொடுக்கத்தான் நாம் மறந்தோம்.

ஆகவே வாசகரிடம் என் வேண்டுகோள் சின்னதுதான். பெட்டி வாங்குங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. தேவை இருந்தால் வாங்குங்கள். வாங்கும்போது இரக்கப்பட்டு வாங்காதீர்கள். கவிழ்த்து அடியைப் பாருங்கள். மூலை புடைத்திருந்தால், கண் விரிந்திருந்தால், “இது கொள்ளூலயே பாட்டி” என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். அவள் கோபப்பட மாட்டாள். வேலை தெரிந்த ஆள் வந்திருக்கிறது என்று அடியிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துத் தருவாள். அது நன்றாக இருந்தால் சொன்ன விலையைக் கொடுங்கள். முடைந்தது யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெயரைச் சொல்வாள். அதையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.